வாண்டாப் பூவின் நாக்கு

"நீ ஊமையா, இல்ல எனக்குத்தான் காது அவிஞ்சு போச்சா?" என்று அருண்பாண்டி அண்ணே என்னிடம் ஒருமுறை கேட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. நான் தொங்கும் கூடைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் பின்னாலேயே வந்து நிறையக் கேள்விகள் கேட்டார். நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் அப்படிக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அன்று கோபம் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, இவளுக்கு அந்த மனிதர் மேல் ஏதோ பகை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

பகை இல்லை. பயம்தான்.

வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு மண்பாதை பிரியும். அதன் கடைசியில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பின் ஒரு மூலையில் பச்சை வலை கட்டி, அதற்குள் அஸ்வினி அக்கா வாண்டா வளர்க்கிறார். வாண்டா என்பது ஆர்க்கிட் வகையில் ஒன்று. தோப்பு அக்காவின் மாமனார் நல்லகாமன் ஐயாவுடையது. அக்காவின் வீட்டுக்காரர் சென்னையில் வேலையில் இருக்கிறார். ஐயாவுக்கு இந்தப் பூக்கள் பிடிக்காது. "தலையில வைக்க முடியாது, சாமிக்குச் சாத்த முடியாது, மாலை கட்ட முடியாது. இதுக்குப் பேரு பூவாம்மா?" என்று மருமகளிடம் கேட்பார். மல்லிகை விளையும் ஊரில் அப்படிக் கேட்பது நியாயம்தான். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டிருந்தேன். வலைக்குள் நுழைந்த முதல் நாளே, இனி இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று தோன்றியது. யாரும் எதுவும் கேட்காத இடம் அது. வாண்டாவுக்கு மண் வேண்டாம். மரக்கூடையில் வைத்துக் கட்டித் தொங்கவிட்டால் போதும், வேர்கள் காற்றில் முழ நீளத்துக்கு இறங்கும். வேர் வெள்ளி நிறத்தில் இருந்தால் தாகம் என்று அர்த்தம். தண்ணீர் பட்டதும் கண் முன்னாலேயே பச்சையாக மாறும். பச்சையாகிவிட்டால் போதும் என்கிறது. நான் கேட்க வேண்டியதும் இல்லை, அது சொல்ல வேண்டியதும் இல்லை.

பூவைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. பார்க்கிறவர்கள் ஐந்து இதழ் என்பார்கள். உற்றுப் பார்த்தால் வெளியே மூன்று, அவற்றுக்குள் இரண்டு. மொட்டாக இருக்கும்போது அந்த மூன்றும்தான் மற்றதையெல்லாம் மூடிக் காப்பாற்றுகின்றன. விரிந்த பிறகு ஐந்தும் ஒன்றுபோலவே ஆகிவிடுவதால் யார் காவல், யார் பூ என்று தெரிவதில்லை. ஆறாவதாக நடுவில் சின்னதாக ஒன்று உண்டு. நிறம் அடர்ந்து, கொஞ்சம் தடித்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதை நாக்கு என்போம்.

நீல வாண்டாவில் உண்மையில் நீலம் இல்லை. வெளிறிய இதழின் மேல் ஊதாக் கோடுகள் வலை மாதிரி ஓடுகின்றன. தள்ளி நின்றால் அதுதான் நீலமாகத் தெரிகிறது. பூ விரிந்த அன்றே நிறம் முடிந்துவிடுவதும் இல்லை. ஒரு வாரம் வரை ஏறிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் விரிந்தால் சாயம் போன சேலை மாதிரி இருக்கும். மார்கழிப் பனியில் விரிந்தால் அதே செடியின் பூவா என்று சந்தேகம் வரும். அக்காவின் போனில் வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். மீதியைக் கூடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நாக்குக்கு மேலே ஒரு சின்னத் தூண் இருக்கும். அதன் நுனியில் ஒரு மூடி, மூடிக்குள் மஞ்சளாக மகரந்தம். அந்த மூடியை மட்டும் யாரும் தொடக் கூடாது. தொட்டு எடுத்துவிட்டால், ஒரு மாதம் நிற்க வேண்டிய பூ ஓரிரு நாளில் வெளுத்துச் சுருங்கிவிடும். அதுவரை அழகாக இருந்ததெல்லாம் வண்டு வருவதற்காக. வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று அது நினைத்துக்கொள்கிறது. ஒன்றைத் தொடாமல் விட்டால் அது நன்றாக இருக்கும் என்பதை நான் அங்கேதான் படித்தேன்.

அருண்பாண்டி அண்ணே ஓசூர்ப் பக்கம் பூப்பண்ணைகளில் வேலை பார்த்தவர். அம்மா மலையம்மாள் தனியாக இருக்கிறார் என்று ஊருக்குத் திரும்பி வந்து எங்கள் தோட்டத்தில் சேர்ந்தார். அவருக்கு வாய் ஓயாது. மோட்டாரிடம் பேசுவார், அணிலிடம் பேசுவார், பூக்காத செடியின் முன்னால் நின்று, "மாப்ள, நாலு மாசமா சோறு போடுறேன், ஒரு மொட்டு காட்டக் கூடாதா?" என்பார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. அது பட்டால் வேர்களில் வெள்ளையாகப் படியும். அதனால் கொட்டகைக் கூரையிலிருந்து மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, வெள்ளைக் கேனில் ஊற்றி, செடிகளுக்குத் தெளிப்போம். அண்ணே தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கேனிலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடிப்பார். "பூவுக்குக் குடுக்குற தண்ணி எனக்கு ஆகாதா? ஊரே உப்புத் தண்ணியக் குடிக்குது, இதுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்பார். தலையை அண்ணாந்து, சொம்பை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் நேராகத் தொண்டைக்குள் இறக்குவார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் குடிப்போம். சொம்பில் வாய் வைத்தால் எச்சில் என்று திட்டு விழும்.

அதே மாதிரி இன்னொரு வெள்ளைக் கேனும் உண்டு. அதில் ஆசிட் இருக்கும். தரை குளிரப் போர்த் தண்ணீரைப் புகைபோல் தெளிக்கும் குழாய்களின் துளையில் உப்பு அடைத்துக்கொள்ளும். கழற்றி ஆசிட்டில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கேனை மோட்டார் அறையில் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருப்போம். ரெண்டையும் ஒரே மாதிரி வாங்கி வைத்திருப்பது தப்பு என்று ஐயா பல தடவை சொல்லியிருக்கிறார். யாரும் மாற்றவில்லை.

ஒருநாள் அண்ணே ஒரு மொட்டைக் காட்டிக் கேட்டார்.

"மீனா, ஒன்னு கேக்கவா? மொட்டுல நாக்கு மேல இருக்கு. பூத்தப்புறம் கீழ வந்துருது. காம்பையே முறுக்கிக்கிட்டு எதுக்கு இம்புட்டுச் சிரமப்பட்டுத் திரும்புது?"

எனக்குத் தெரிந்த விஷயம். யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"வண்டு வந்து உக்கார எடம் வேணும்ல. நாக்கு கீழ இருந்தாத்தான் அது மேல எறங்க முடியும்."

அவர் கையிலிருந்த பைப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வலைக்கு வெளியே போய்க் கத்தினார். "அக்கா, இங்க வாங்க. ஊமைச்சி பேசிருச்சு. அம்புட்டும் தெரியுதுக்கா இதுக்கு. நம்மளத்தான் ஏமாத்திக்கிட்டுத் திரியுது."

நான் செய்த தவறு என்றால் அதுதான். பதில் சொல்லியிருக்கக் கூடாது.

ஆடி மாதம் விவசாய வீடியோ போடும் ஒரு யூட்யூப்காரர் அக்காவிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வந்து தோட்டத்தைப் படம் பிடிப்பதாகச் சொன்னார். லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்களாம். யார் பேசுவது என்று கேட்டிருக்கிறார். அக்கா யோசிப்பதற்குள் அண்ணே சொல்லிவிட்டார்.

"மீனா பேசட்டும்க்கா. பூவைப் பத்தி நம்ம ரெண்டு பேத்தையும் விட இதுக்குத்தான் தெரியும்."

"அது எங்கடா பேசும்? நம்மகிட்டயே வாயத் தொறக்காது."

"பேசும்க்கா. நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்ன மீனா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தெளிப்பான் முனையை மைக் மாதிரி என் வாய்க்கு நேரே நீட்டுவார். "சொல்லுத்தா. வணக்கம், என் பேரு பாண்டிமீனான்னு சொல்லு. அம்புட்டுத்தான்." அவர் கண்ணில் கேலி இல்லை. எனக்கு நல்லது செய்கிறோம் என்று முழுசாக நம்பினார். அதுதான் தாங்க முடியவில்லை. கேலி செய்கிறவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். நல்லது செய்கிறவர்கள் விடமாட்டார்கள்.

மைக் என்றால் எனக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்ல என்னை நிறுத்தினார்கள். ஒரு குறள், ரெண்டு வரி. மைக் என் மூச்சை எடுத்து மைதானம் முழுவதும் விட்டது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகத் திரும்பி வந்தது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிடரியில் ஆரம்பித்து உடம்பு சில்லிட்டுக்கொண்டே இறங்கியது. பிறகு கால் வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது. முன் வரிசையில் ஒருத்தி குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சிரிப்பு போனது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் அடித்தார்கள். அடி ஒன்றும் பெரிதில்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டும்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. சோறு இறங்கவில்லை. பூக்கள் இல்லாவிட்டால் படம் பிடிக்க வரமாட்டார்கள் என்று தோன்றியபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

என் அப்பா சின்னான் மதுரையில் ஒரு பழக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். விற்காத வாழைப்பழங்களை வீட்டுக்கு எடுத்து வருவார். பழம் மூச்சு விடும், அந்த மூச்சு பட்டால் பக்கத்துக் காயும் பழுத்துவிடும் என்று சொல்வார். முந்தைய வருஷம் ஐயா வீட்டுக் காதுகுத்துக்கு வந்த வாழைத்தாரைக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார்கள். அது பழுத்த இரண்டாம் நாள், அதற்குப் பக்கத்தில் இருந்த வாண்டாக் கொத்து மட்டும் வெளுத்துத் தொங்கியது. வெயில் என்றார்கள். நான் வாழைத்தாரைப் பார்த்தேன்.

படம் பிடிப்பதற்காகப் பூத்திருந்த கூடைகள் எல்லாவற்றையும் அக்கா முன்பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார். அது பாலித்தீன் போட்டது. ஆடிக்காற்றுக்குப் பயந்து நாலு பக்கமும் திரையை இறக்கி இறுக்கிக் கட்டியிருந்தோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது, அப்பா கொண்டுவந்திருந்த கனிந்த பழங்களைச் சாக்கோடு அந்தக் கொட்டகை மேசைகளுக்கு அடியில் தேங்காய் மட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். சனிக்கிழமை மற்றவர்கள் வருமுன் வந்து சாக்கை எடுத்து மாட்டுக்குக் கொட்டினேன்.

பூக்கள் கருகவில்லை, உதிரவில்லை. நிறம் இறங்கியிருந்தது. வலைக்கோடுகள் கலங்கி, இதழ்கள் நனைந்த காகிதம் மாதிரி மெலிந்து முன்னால் மடங்கியிருந்தன. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அன்று காலையில் பசித்தது.

அக்கா கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐயா ஒரு விசேஷ வீட்டுக்குக் கிளம்பி வெள்ளை வேட்டியில் இருந்தவர், அப்படியே வந்து பார்த்தார்.

"நேத்து தண்ணி அடிச்சவன் எவன்டா?"

"நான்தாங்கய்யா" என்றார் அண்ணே.

"எந்தக் கேனுலருந்து அடிச்ச? ரெண்டும் ஒன்னுபோல வச்சிருக்காதீங்க, வச்சிருக்காதீங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன். ஆசிட்டை அடிச்சு விட்டுட்டு நிக்கிற."

"ஆசிட் பட்டா பொசுங்கும்ங்கய்யா. இது பொசுங்கல. ஓசூர்ல பூ தூங்கிருச்சுன்னு சொல்வோம். பழக்காத்து பட்டா இப்படித்தான் ஆகும்."

"பூவு தூங்குதா? அப்ப நீ தாலாட்டுப் பாடு." ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். "இப்ப எனக்கு நேரமாச்சு. காலையில வாரேன். அந்தக் கேனை என் கண்ணு முன்னாடி தொறக்கணும். அதுல ஆசிட் இல்லைன்னு நீ சாதிச்சா, கருப்பு கோயில்ல வந்து சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. அப்ப ஒத்துக்கிறேன்."

அக்கா யூட்யூப்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

மத்தியானம் அண்ணே மேசைகளுக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். மட்டைகளுக்குப் பின்னாலிருந்து கறுத்துப்போன ஒரு வாழைக்காம்பை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்படிப் பேசாமல் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அம்புட்டுப் பயமாத்தா உனக்கு?" என்றார். "சொல்லியிருக்கலாம்ல."

காம்பை வலைக்கு வெளியே தூர எறிந்தார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஐயா என்னையத்தான திட்டுறாரு, திட்டிட்டுப் போறாரு. ஆனா ஒன்னு. அந்தக் கடைசி வரிசையில கொத்துக் கொத்தா மொட்டு நிக்குது. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள விரிஞ்சிரும். அவங்கள அப்ப வரச் சொல்லிருவோம். பயம் போகணும்னா பேசித்தான் போகணும். நான் விட மாட்டேன் உன்னைய."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பிடரியிலிருந்து சில்லிட்டுக்கொண்டு இறங்கியது.

சாயங்காலம் குழாய் முனைகளை ஆசிட்டில் ஊறப்போட்டுக் கழுவும் வேலை என்னுடையது. எல்லா முனைகளையும் கழுவினேன். கழுவிவிட்டு, மழைத்தண்ணீர்க் கேனில் பாதியைச் செடிகளுக்குக் கீழே ஊற்றினேன். சிவப்புத் துணி கட்டிய கேனிலிருந்து அதை நிரப்பினேன். அந்த வாசனை எப்படியும் கொட்டகை முழுவதும் இருந்தது. முனைகள் கழுவிய நாளில் மறுநாள் வரைக்கும் இருக்கும்.

காலையில் ஐயா வந்து மூடியைத் திறப்பார், பார்ப்பார், கேன் மாறிப்போனது என்று முடிவாகும், அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார், என்னைப் பேசச் சொல்ல ஆள் இருக்காது. நான் நினைத்தது இவ்வளவுதான். இவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக என்ன செய்வார் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஐயா சொன்னபடி வந்தார். அக்காவும் வந்தார். நான் கம்பத்தை ஒட்டி நின்றேன். அண்ணே குளித்து, விபூதி பூசி, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஐயா கேனைத் திறக்கச் சொன்னார்.

"கருப்பு சாமிய எதுக்குங்கய்யா இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணிக்கிட்டு? தினமும் நான் குடிக்கிற தண்ணி. குடிச்சே காட்டுறேன், பாத்துக்கங்க" என்றார் அண்ணே.

சொம்பில் மொண்டார். அண்ணாந்தார். சொம்பை உயரத் தூக்கினார்.

உதடு வைத்துக் குடிக்கிற ஊராக இருந்திருந்தால் நாக்கு அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கும். நேராகத் தொண்டைக்குள் இறங்கியதால் அது தெரிவதற்குள் சொம்பில் பாதி போய்விட்டது. சொம்பு விழுந்தது. அவர் கத்தவில்லை. கத்துவதற்கான இடம் அப்போது அவரிடம் இல்லை. முழங்காலில் விழுந்து இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அக்காதான் கத்தினார். ஐயா வெள்ளைக் கேனை எட்டி உதைத்தார். ஆசிட் தரையில் ஓடி நுரைத்தது.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்துவிட்டார். அதை எல்லாரும் நல்லது என்றார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு விட வைத்தார்கள். வயிற்றில் குழாய் வைத்துக் கஞ்சி விடுகிறார்கள். குரல் இனி வராதாம். மலையம்மாள் கொட்டகை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, அவனே கேனை மாற்றி வைத்துவிட்டு அவனே குடித்துவிட்டான் என்று ஐயா சொன்னார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அது பேசாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஒன்றை விட்டுவிட்டேன். சொம்பை மொண்ட பிறகு, தூக்குவதற்கு முன்னால், அண்ணே என் பக்கம் திரும்பினார். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"நீயே சொல்லு மீனா. இது நல்ல தண்ணிதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை, அது உண்மை. ஆனால் நான் சும்மா நிற்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தலையாட்டுவதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஐப்பசி மழை வந்தது, போனது. யாரும் படம் பிடிக்க வரவில்லை. அக்கா என்னிடம் பேசச் சொல்லி எதுவும் கேட்பதில்லை. பூக்கள் திரும்பவும் வந்தன. பனிக்கு இந்த முறை நீலம் நன்றாக ஏறியிருந்தது.

நேற்று மத்தியானம் அண்ணே வந்தார். அக்கா திருநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்து வலைக்குள் வந்தார். பாதி ஆளாகியிருந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றியிருந்தார். அதற்குள்ளிருந்து மூச்சு வரும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் எனக்குக் கேட்ட அதே மாதிரிச் சத்தம். நான் ஓடிப்போய் மோட்டார் அறையில் ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். கால் வரவில்லை.

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடையின் மேல் உட்கார்ந்து பூக்களைப் பார்த்தார். பிறகு விரலால் ஒரு மொட்டைத் தொட்டு, அதன் நாக்கு இருக்கும் பக்கத்தைக் காட்டி, விரலைக் கீழே திருப்பினார். அந்தப் பழைய கேள்வி. விளையாட்டுக்குத்தான் காட்டினார்.

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். வண்டு இறங்க இடம் வேண்டும் என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மூன்று இதழ் காவலுக்கு என்று சொன்னேன். நீலம் எப்படி நீலம் இல்லை என்று சொன்னேன். மூடியைத் தொடக் கூடாது என்று சொன்னேன். மைக்கைப் பற்றிச் சொன்னேன், கால் வழியாக இறங்கியதைச் சொன்னேன், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பழச்சாக்கு அவருக்கே தெரியும். கேனைப் பற்றிச் சொன்னேன். பாதியைக் கீழே ஊற்றியதையும் எதைக் கொண்டு நிரப்பினேன் என்பதையும் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். ஒரு இடத்திலும் நாக்கு ஒட்டவில்லை. பேசுவது இவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பேசித்தான் பயம் போகும் என்று அவர் சொன்னது சரிதான். எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

அவர் மொட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வேகமாகி, பிறகு மெதுவாகியது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இப்போதெல்லாம் அதில் எழுதித்தான் காட்டுகிறார் என்று அக்கா சொல்லியிருந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் எழுதாமல் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து, மழைத்தண்ணீர்க் கேன் பக்கம் போய், அதன் மூடியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்தார். வலையை விலக்கிக்கொண்டு போனார்.

நான் வாசல்வரை வந்து பார்த்தேன். மண்பாதை முனையில் வலது பக்கம் திரும்பினால் அவர் ஊர், இடது பக்கம் வாடிப்பட்டி. வண்டி இடது பக்கம் திரும்பியது. வாடிப்பட்டியில் எத்தனையோ இருக்கிறது, பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, டீக்கடை, காவல் நிலையம். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இப்போது வாயால் எதையும் குடிப்பதில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

பிடரி லேசாகச் சில்லிட்டது. ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. என் மேல் கோபம் இருந்திருந்தால் போகும்போது ஏதாவது சொல்லியிருப்பார். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்தான் போனார்.